தலைகுந்தா உறைபனி: 25 நிமிட வெளிச்சத்துக்கு 1,200 ரூபாய்

உறைபனியைப் படம் எடுக்க ஊட்டியிலிருந்து தலைகுந்தா போக, 8 கிலோமீட்டருக்கு 1,500 ரூபாய். விடியற்காலை ஐந்து மணிக்கு சேரிங் கிராஸ் பக்கத்தில் இந்தத் தொகையைச் சொன்ன டிரைவர் முகத்தில் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை. "அண்ணா, நேத்து சாயங்காலம் 500 சொன்னீங்களே?" என்றேன். "அது சாயங்கால ரேட்டு தம்பி. இந்தக் குளிர்ல வண்டி ஸ்டார்ட் ஆகறதே பெருசு. அங்க காத்திருக்கவும் வேணும்ல" என்றார். மல்லுக்கட்டி 1,200-க்கு இறக்கினேன். அன்றைய சாப்பாட்டுக் காசு அதிலேயே போய்விட்டது. நடந்தே போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஊட்டி ரோட்டில் இருட்டு நேரத்தில் காட்டெருமை நிற்கும். ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒன்றைப் பார்த்த பிறகு 1,200 அவ்வளவு பெரிய தொகையாகத் தெரியவில்லை.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, கேமராவில் என்ன செட்டிங் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். போவது சுலபம்: மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ். சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும், பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் நான் ஏறிய பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. பர்லியாறு தாண்டியதும் காற்று நேராகக் காதுக்குள் இறங்கியது. கண்டக்டரிடம் சொன்னால், "துண்டு இருந்தா கட்டிக்கோங்க" என்கிறார். துண்டுதான் காப்பாற்றியது. தங்கிய அறையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, வெந்நீர் வந்தது.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். சூரியோதயத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் பொன்னிற வெளிச்சம் கிடைக்கும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதை நம்பி யாரும் இங்கே வராதீர்கள். அது அவர்கள் ஊர்க் கணக்கு. ஜனவரி லண்டனில் சூரியன் அடிவானத்தை ஒட்டிச் சாய்வாக, சோம்பேறித்தனமாக ஏறும். நீலகிரி பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரிதான். இங்கே கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறும். அடிவானத்திலிருந்து 6 டிகிரி உயரம் வரைக்கும்தான் வெளிச்சத்தில் அந்த மஞ்சள் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், நம் கையில் இருப்பது சுமார் 25 நிமிடம். லண்டனில் அதுபோல இரண்டு மடங்கு. இதில் கிழக்கே ஒரு மலை மறைத்தால், சூரியன் நம் கண்ணுக்குத் தெரிவதற்குள்ளேயே பாதி நேரம் தீர்ந்திருக்கும். அதனால்தான் எங்கே நிற்பது என்பதை முதல் நாள் மாலையே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்கிறேன். மாலையில் வண்டி ரேட்டும் கட்டுப்படியாகும்.

தலைகுந்தாவில் இறங்கியதும் நான் ரோட்டோர மேட்டில் ட்ரைபாடை விரித்தேன். டிரைவர் கண்ணாடியை இறக்கி, "அங்க ஒண்ணும் இருக்காது தம்பி, பள்ளத்துக்கு எறங்குங்க" என்றார். ரேட்டில் அடித்தாலும் இதில் ஆள் சரியாகச் சொன்னார். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டில் வெறும் ஈரப் புல். நாற்பது அடி கீழே இறங்கினால் புல் முழுக்க உப்பு தூவியது போல உறைபனி. பள்ளங்களின் திறந்த புல்வெளியில் சோலைக் காட்டு மரக்கன்றுகள் தாக்குப்பிடிக்காததற்கும் இந்த உறைபனி ஒரு காரணம் என்கிறார்கள். என் விரல்களுக்கு அது நன்றாகவே புரிந்தது.

சூரியன் வருவதற்கு முன்னால் எல்லாமே நீலம். அந்த நீலம் படத்திலும் வேண்டுமென்றால் ஒயிட் பேலன்ஸை, அதாவது கேமரா நிறத்தைச் சரிசெய்யும் செட்டிங்கை, ஆட்டோவில் விடாதீர்கள். ஆட்டோ அதை 'திருத்தி' சாம்பல் ஆக்கிவிடும், பிறகு வரும் மஞ்சளையும் வெளுக்க வைக்கும். நான் வெயில் அடையாளம் போட்ட செட்டிங்கில் நிறுத்திவிட்டுக் கடைசி வரை தொடவே இல்லை. இன்னொன்று, வெள்ளையாக எதைக் காட்டினாலும் கேமரா அதைச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு படத்தை இருட்டாக்கும். உறைபனிக்கு எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்கு, கூட்டி வையுங்கள்.

முதல் கதிர் விழுந்ததும் பக்கத்தில் நின்ற கும்பல் சூரியனுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்தது. அவர்கள் இஷ்டம். ஆனால் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று உறைபனியை எடுத்தால் தட்டையாக, சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். வயிற்றை அழுத்திப் படுத்து, புல்லைச் சூரியனுக்கும் லென்ஸுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு படிகத்தின் விளிம்பும் எரிகிறது! பின்னால் இருக்கும் யூகலிப்டஸ் கூட்டம் இன்னும் நிழலில்தான் நிற்கும், அந்த இருட்டுதான் பின்னணி. சட்டை நனையும், அதற்குப் பயந்தால் வேறு வேலை பார்க்கலாம். வெயில் பட்ட புல் சில நிமிடங்களிலேயே உருகத் தொடங்கும். எனவே வெயில் முன்னேற முன்னேற நிழலின் ஓரத்தோடு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்குகிறது. உபரி பேட்டரி சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் மேல் மூச்சு விடாதீர்கள்.

அப்புறம் காமராஜ் சாகர் அணைக்கட்டுப் பக்கம் போனோம். தண்ணீர் காற்றைவிடச் சூடாக இருப்பதால் மேலே ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. டிரைவர் இதற்குத் தனியாக 200 கேட்டார். கொடுத்தேன், முணுமுணுத்துக்கொண்டே. ஆனால் அந்த ஆவிக்குள் வெயில் பக்கவாட்டில் நுழைந்த காட்சிக்கு 200 கொடுக்கலாம், வஞ்சனை இல்லை.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடை. கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. குளிரிலிருந்து நேராக அடுப்படிச் சூட்டுக்குள் கொண்டுபோனால் லென்ஸ் முழுக்க நீர் கோத்துக்கொள்ளும். டீயும் வர்க்கியும் கேட்டேன். ஊரில் பாக்கெட்டில் விற்கிறார்களே, அந்த வறட்டு வர்க்கி இல்லை இது. அடுக்கு அடுக்காக உதிர்ந்து, டீயில் முக்கினால் பாதி கிளாஸுக்குள் விழுந்துவிடும் ரகம். இரண்டு தட்டு காலி. பிறகு சுடச்சுட இட்லி, வடை. இருவருக்கும் சேர்த்து 160 ரூபாய். ஆமாம், இருவருக்கும், டிரைவரையும் உட்கார வைத்துவிட்டேன்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம். முந்தைய இரவு வானம் மூடியிருந்தால் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குங்கள், உறைபனி பெரும்பாலும் இருக்காது. மூன்று பேராகச் சேர்ந்து வண்டி பேசினால் ஆளுக்கு 400-தான் வரும். பேசும்போது அணைக்கட்டையும் சேர்த்தே பேசிவிடுங்கள்.