இந்தப் பக்கம் இல்லாத வௌவாலா? முதலில் மூக்கிலை மடிப்பை எண்ணுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் குகையொன்றில், பரவல் வரைபடத்தில் "இங்கே இல்லை" என்று காட்டப்பட்ட வௌவால் கிடைத்தால், அது அண்மையில் பறந்து வந்ததென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். யுத்த காலத்தில் இந்தக் காடுகளில் இரவிரவாக வலை கட்டிக் காத்திருப்பது நடக்கிற காரியமா? அந்த வரைபடத்தின் வெற்றிடங்களில் பல, வௌவால் இல்லாத இடங்களல்ல. ஆள் போகாத இடங்கள்.

பழைய பதிவுகளிலும் ஒரு பொறி உண்டு. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய மாதிரியின் சீட்டில் "மட்டக்களப்பு" என்றிருந்தால், அது பொத்துவிலாகவோ பாணமையாகவோ இருக்கலாம். உங்கள் "முதல் பதிவு" அங்கேயே அடிபட்டுப் போகும்.

இனங்காண்பதில் அதிகம் சறுக்குவது இலைமூக்கு வௌவால்களில்தான். நிறத்தை நம்பவே கூடாது. ஒரே குகையில் சாம்பலும் செம்மஞ்சளும் அடுத்தடுத்துத் தொங்கும். மூக்கிலையின், அதாவது மூக்கைச் சுற்றி இலைபோல விரிந்திருக்கும் தோலின், பக்கவாட்டில் உள்ள சிறு மடிப்புகளை எண்ணுங்கள். ஹிப்போசிடெரோஸ் என்ற இலைமூக்கு வௌவால் பேரினத்தில் லங்காதீவா இனத்துக்குப் பக்கத்துக்கு நான்கு, ஸ்பியோரிஸுக்கு மூன்று, கலெரிட்டஸுக்கு இரண்டு, ஏட்டருக்கு ஒன்றுமில்லை. வெளி மடிப்பு மயிருக்குள் ஒளிந்திருக்கும். நேர்முகப் படத்தில் மூன்று இரண்டாகத் தெரிவது அதனால்தான். சரிவாக வெளிச்சம் விட்டு, பக்கவாட்டிலும் ஒரு படம் எடுங்கள். வாழைச் சருகில் தூங்கும் செம்மஞ்சள், கறுப்புச் சிறகு வௌவாலுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம், ஒரு தெளிவான படம் போதும்.

அடுத்தது முன்கை நீளம். சிறகை மடித்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வேணியர் இடுக்கியால் மூன்று தரம் அளக்க வேண்டும். அதற்கு முன் சிறகை விரித்து, விரல் மூட்டுக்குப் பின்னால் டோர்ச் பிடித்துப் பாருங்கள். மூட்டருகே வெளிச்சம் ஊடுருவும் கோடுகள் தெரிந்தால் அது குட்டி. அதன் அளவை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது.

வௌவாலின் மீயொலிக் கத்தலைப் பதிந்து இனங்காண்பதில் ஏமாறுகிறவர்கள்தான் கூட. ஸ்பியோரிஸ் 130 கிலோஹேர்ட்ஸைச் சுற்றிக் கத்தும். கருவியின் மாதிரியெடுப்பு வீதம், அதாவது ஒலியை ஒரு செக்கனில் எத்தனை தரம் அளக்கிறது என்பது, 256 கிலோஹேர்ட்ஸ் என்றால் அதில் பாதியான 128 வரைதான் சரியாகப் பதியும். 135இல் வரும் ஒலி பதியாமலே போகலாம், அல்லது மடங்கி 121இல் பொய்யாகத் தெரியலாம். பிறகு அந்த 121க்கு ஒரு இனத்தைத் தேடி அலைய வேண்டியதுதான். மாதிரியெடுப்பு வீதத்தை 384இல் வையுங்கள். இவ்வளவு உயர்ந்த ஒலி ஈரக்காற்றில் சில மீற்றருக்குள்ளேயே தேய்ந்துவிடும், எனவே குகை வாசலில் கருவியை வைக்காமல் வீதியோரத்தில் வைத்துவிட்டு "இல்லை" என்று எழுதுவதில் அர்த்தமில்லை.

வௌவாலைத் தொட வனசீவராசிகள் திணைக்கள அனுமதி, நீர்வெறுப்பு நோய்க்கான முன்தடுப்பூசி, தோல் கையுறை மூன்றும் கட்டாயம். குட்டியோடு தாய்கள் தொங்கும் குகைக்குள் போகவே வேண்டாம். கலைந்தால் குட்டிகள் விழும்.

சந்தேகம் தீராவிட்டால் மரபணுப் பரிசோதனைதான் வழி. பக்கச் சிறகுச் சவ்வில், இரத்தக் குழாய் ஓடாத இடமாகப் பார்த்து 3 மி.மீ. துளைத் துண்டு எடுத்து 95 சதவீத எதனோலில் போடுங்கள். குப்பிக்கு வெளியே பேனாவால் எழுதினால் எதனோல் கசிந்து மை கரைந்துவிடும். இலக்கம், திகதி, இடம் மூன்றையும் பென்சிலால் எழுதிய துண்டைக் குப்பிக்கு உள்ளேயே போட்டுவிடுங்கள்.