சைக்கிளுக்குன்னு தனியா ஒரு ஓரம் வேணும்

2014லயே நம்ம சென்னை மாநகராட்சி, நடக்கிறவங்களுக்கும் சைக்கிள்ல போறவங்களுக்கும் முன்னுரிமைன்னு கொள்கை கொண்டு வந்துச்சு. 2019ல பாண்டி பஜார்ல பிளாட்பாரத்த அகலமாக்கினாங்க, இப்போ வயசானவங்க கூட நிம்மதியா நடக்குறாங்க. ஆனா ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) பக்கம் ஸ்கூல் விடுற நேரத்துல பாருங்க, சின்ன புள்ளைங்க சைக்கிள்ல பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவுல ஒரு கால தரையில ஊனிக்கிட்டு நிக்குதுங்க, பாக்கவே வயித்த கலக்குது. சைக்கிளுக்குன்னு ஓரமா வெறும் வெள்ளைக் கோடு போட்டா பத்தாதுங்க, அதுல உடனே பைக்க நிறுத்திடுவாங்க, கான்கிரீட் தடுப்பு வெச்சு பிரிக்கணும். ஜீப்ரா கிராஸிங்கயும் பிளாட்பாரம் உயரத்துக்கு தூக்கிக் கட்டினா வண்டி தானா ஸ்லோவாகும், வீல்சேரும் நேரா போகும். அடுத்து ரோடு போடும்போதே இதையும் செய்யச் சொல்லி கவுன்சிலர்கிட்ட மனு குடுக்கப் போறேன், எங்க ஏரியா ஆளுங்க யாராச்சும் கூட வர்றீங்களா?