விகடகவிக்கு ஃபால்ஸ் சொன்ன லேப்டாப்

போன வருஷம் பைதான்ங்கிற கம்ப்யூட்டர் புரோகிராம் மொழி கத்துக்க ஒரு ஆன்லைன் கோர்ஸுக்குப் பணம் கட்டி நாலாவது வீடியோலயே தூங்கிட்டேன். எந்த கோர்ஸுன்னு கேக்காதீங்க, பாதி தப்பு எம்மேலயும்தான். பாரிஸ் கார்னர்ல பெயிண்ட் கடையில கணக்கு எழுதுறவன் நான், கோர்ஸ்ல சொன்னபடி எவனோ ஒருத்தன் கம்பெனி சம்பள லிஸ்ட்டை வரிசைப்படுத்தி எனக்கென்ன ஆகப்போகுது?

மறுபடி தொட்டது பொண்ணாலதான். நாலாங்கிளாஸ். திருப்பிப் படிச்சாலும் அதே மாதிரி வர்ற வார்த்தைங்க எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க, பாட்டிகிட்ட கேட்டு விகடகவி, குடகு, மோருபோருமோன்னு நோட்ல ரொப்பி வச்சிருந்தா. அட, இது கோர்ஸ்ல வந்துச்சேன்னு லேப்டாப்பைத் திறந்தேன். வார்த்தையைத் திருப்பிப் போட்டு ரெண்டும் ஒண்ணான்னு பாக்கணும், ஒரே வரி. இங்கிலீஷ்ல மேடம்னு அடிச்சா ட்ரூ, அதாவது ரெண்டும் ஒண்ணுதான். தமிழ்ல விகடகவி அடிச்சா ஃபால்ஸ்.

"உன் லேப்டாப்புக்குத் தமிழ் தெரியாதாப்பா?"

திருப்பினதை பிரிண்ட் பண்ணிப் பாத்தா, முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்துல புள்ளிபுள்ளியா ஒரு வட்டம், அதுல ஒட்டிக்கிட்டு ஒரு கொக்கி. எத்தனை எழுத்துன்னு கேட்டா 7ங்குது. வி-க-ட-க-வி, அஞ்சுதானே? 'அம்மா'ன்னு மூணெழுத்து அடிச்சாலும் 5ங்குது.

மறுநாள் தாம்பரம் பீச் லோக்கல்ல நின்னுகிட்டே போன்ல தேடினேன். கம்ப்யூட்டர்ல எழுத்துக்கெல்லாம் நம்பர் குடுக்குற யூனிகோடுல தமிழோட 247 எழுத்துக்கும் தனித்தனி நம்பர் கிடையாதாம், 'வி'ன்னா வ ஒண்ணு கொக்கி ஒண்ணு, மெய்யெழுத்து மேல வைக்கிற புள்ளி கூட தனி. திருப்பினா கொக்கி முன்னாடி வந்துடுது, ஒட்டிக்க எழுத்து இல்லாததால அந்த வட்டம். சைதாப்பேட்டை தாண்டும்போது இது புரிஞ்சுது, மாம்பலத்துல ஏறின கூட்டத்துல போனை உள்ள வச்சுட்டேன்.

சரி பண்ண நாலு ராத்திரி ஆச்சு. கால், கொக்கி, சுழி எல்லாத்தையும் நானே கையால லிஸ்ட் போட்டு, இது வந்தா முன்னாடி இருக்கிற எழுத்தோட சேத்துடுன்னு, ஒவ்வொரு எழுத்துக்கும் திரும்பத் திரும்ப ஓடுற மாதிரி லூப் எழுதினேன், விகடகவி ட்ரூ வந்துடுச்சு, மோருபோருமோ ஃபால்ஸ், பாத்தா ஓகாரக் குறியை லிஸ்ட்ல விட்டிருக்கேன். அப்புறம்தான் பைதான் கூடவே வர்ற யூனிகோட்டேட்டாங்கிற ரெடிமேட் கோடு (மாட்யூல்) கண்ணுல பட்டுது, எது துணைக்குறின்னு அதுவே சொல்லிடும். ஓபன் தமிழ்னு தமிழுக்குன்னே எழுதி வச்ச கோடு தொகுப்பே (லைப்ரரி) இருக்கு, எழுத்தெழுத்தா பிரிச்சே குடுத்துடும். நல்லவேளை அது கடைசியில தெரிஞ்சுது, முன்னாடியே தெரிஞ்சிருந்தா எனக்கு இன்னைக்கும் லூப் எழுத வந்திருக்காது. க்ஷ மட்டும் என் கோடுல இன்னும் ரெண்டா உடையுது, கெடக்கட்டும்.

திருப்பிப் படிச்சாலும் அதே மாதிரி வர்ற பாட்டா திருஞானசம்பந்தர் பாடின மாலைமாற்றுல முதல் பாட்டைக் கூட போட்டுப் பாத்தேன், நடுவுல இருந்த ஸ்பேஸை எடுத்ததும் ட்ரூ. 7-ஆம் நூற்றாண்டுல மனுஷன் இதையெல்லாம் மனசுலயே ஓட்டியிருக்காரு.

பொண்ணு பக்கத்துல உக்காந்து காக்கா, பாப்பா, தாத்தான்னு ஒவ்வொண்ணா அடிச்சா. எல்லாம் ட்ரூ. கடைசியா அவ பேரை அடிச்சா, ஃபால்ஸ். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு பாட்டிகிட்ட போயிட்டா.