கறை படியாத துணி

எங்கள் மகளின் நோயை முதலில் காட்டித்தந்தது குருதிப் பரிசோதனையோ ஸ்கானோ அல்ல, கிணற்றடியில் நான் துவைத்த ஒரு வெள்ளைத் துணி. அவள் பிறந்து 31ஆம் நாள், துடக்குக் கழிவுக்காக உறவினர்கள் வந்திருந்தார்கள். அம்மா அடுப்படியில் நின்றதால், அதுவரை அவரே துவைத்து வந்த பிள்ளையின் துணிகள் அன்று என் கைக்கு வந்தன. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளையின் மலம் மஞ்சள் அரைத்துப் பூசியது போலத் துணியில் பிடித்துக்கொள்ளும் என்பதும், எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் ஒரு சாயல் மிஞ்சும் என்பதும் அக்காவின் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த எனக்குத் தெரியும். அன்றோ, மலம் பட்ட துணி ஒருமுறை அலசியதும் புதுத் துணி போல வெளுத்து வந்தது. சிறுநீர் மட்டும் பட்ட துணியில் மஞ்சள் வட்டம் போகாமல் கிடந்தது. கறை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது.

பிள்ளை மஞ்சளாக இருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த விடயந்தான். பிறந்த மூன்றாம் நாளே செங்கண்மாரி கண்டது. அது பெரும்பாலான பிள்ளைகளுக்கு வந்து போவது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். காலை இளவெயிலில் அரை மணி நேரம் கிடத்தினோம். கீழ்காய்நெல்லி அரைத்துத் தாய்க்குக் கொடுக்கும்படி அயலில் ஒருவர் சொல்ல, அதையும் செய்தோம். 16ஆம் நாள் வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையின் மூக்கு நுனியை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இரண்டு கிழமை தாண்டியும் மஞ்சள் இருந்தால் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும் என்று சொல்லிப் பதிவேட்டிலும் எழுதினார். நாங்கள் காட்டிய இடத்தில், பிள்ளை நிறை கூடுகிறாள், பால் குடிக்கிறாள், இது தாய்ப்பாலால் வரும் மஞ்சள் என்று சொல்லி, குருதி எடுக்காமலே அனுப்பிவிட்டார்கள். தாய்ப்பாலால் நீடிக்கும் மஞ்சள் உண்மையிலேயே உண்டு. அதுதான் பெரும்பாலும் காரணமும் கூட. ஆனால் அந்த மஞ்சளில் மலம் வெளுப்பதில்லை. மலத்தின் நிறத்தை அங்கே யாரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. அந்தப் பதினைந்து நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது; அதில் பாதி என்மீதுதான்.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். "தம்பி, பிள்ளை வடிவாப் பால் குடிக்குது, கிடந்து சிரிக்குது, பிறகென்ன?" என்றார். இந்த நோயின் வஞ்சகமே அதுதான்: முதல் இரு மாதங்களில் பிள்ளையைப் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கைபேசியில் மலத்தைப் படம் எடுத்துப் பார்த்தேன்; குண்டுமின்குமிழின் வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சளாகத் தெரிந்தது. ஆகவே விடிந்ததும் பிள்ளை கழித்த துணியை அப்படியே மடித்துப் பொலித்தீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனோம்.

அங்கே வெளிநோயாளர் பகுதியில் இருந்த இளம் வைத்தியர் பையைத் திறந்து பார்த்தார். பழைய சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்தது போன்ற நிறம். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய், சிறுபிள்ளை வைத்திய நிபுணரை அழைத்து வந்தார். நிபுணர் எங்களிடம் கேட்ட முதற்கேள்வி, "இண்டைக்கு எத்தினையாம் நாள், தம்பி?" என்பது. அப்போது எனக்கு அந்தக் கேள்வியின் கனம் விளங்கவில்லை.

உடலை மஞ்சளாக்கும் பிலிரூபின் என்ற நிறப்பொருள் குருதியில் மொத்தம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது, அதில் நேரடி பிலிரூபின் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அவர் விளக்கினார். சாதாரண மஞ்சளில் கூடுவது மறைமுக பிலிரூபின். அது சிறுநீரில் கலப்பதில்லை. ஈரல் பதப்படுத்திய நேரடி பிலிரூபின் பித்தத்தோடு குடலுக்குப் போய் மலத்துக்கு நிறம் கொடுக்க வேண்டும். வழி அடைபட்டால் அது குருதிக்குத் திரும்பிச் சிறுநீர் வழியே வெளியேறும். கிணற்றடியில் நான் கண்ட தலைகீழ்க் கணக்கு அதுதான். மறுநாள் கிடைத்த அறிக்கையில் மொத்தம் டெசிலீற்றருக்கு 10.4 மில்லிகிராம், நேரடி 7.1. நேரடி அளவு 1ஐத் தாண்டினாலே தேட வேண்டும் என்றார். பிலியரி அட்ரீசியா என்ற பெயரை அப்போதுதான் கேள்விப்பட்டோம்: ஈரலிலிருந்து பித்தத்தைக் கொண்டுபோகும் குழாய்கள் பிறந்த குழந்தையில் அழற்சி கண்டு, தழும்பேறி அடைபட்டுப்போகும் நோய். ஏறக்குறைய 10,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று. சத்திரசிகிச்சையை 60 நாட்களுக்குள் செய்தால் பலன் கூடுதல், தாமதிக்கத் தாமதிக்க ஈரல் இறுகிக்கொண்டே போகும். செய்யாவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. எங்கள் மகளுக்கு அன்று 33 நாட்கள்.

கொழும்புக்கு உடனே போக வேண்டும் என்றபோது ஆயத்தம் செய்ய எதுவும் இருக்கவில்லை. வன்னியில் 2009ஐக் கடந்த வீடுகளில் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணிக் கடதாசி எல்லாம் ஒரு பையில் எப்போதும் கதவோரம் தொங்கும். எங்கள் அம்மாவின் பையில் பிள்ளையின் பதிவேடும் மனைவியின் கர்ப்பகால கிளினிக் அட்டையும் பிறந்த நாளிலிருந்தே இருந்தன. அந்தப் பழக்கத்தைப் பகிடி பண்ணியவன் நான்.

அம்புலன்ஸில் 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் ஓடி, லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் அனுமதித்தோம். அங்கே மிகக் கடினமாக இருந்தது ஸ்கானுக்கு முந்திய நான்கு மணி நேரம். வெறும் வயிற்றில் பித்தப்பை நிரம்பி நிற்க வேண்டும், அது நிரம்புகிறதா என்று பார்ப்பதற்காகவே பால் கொடுக்கக் கூடாது. பிள்ளை தாயின் நெஞ்சைத் தேடித் தேடி அழ, மனைவி அவளை என்னிடம் தந்துவிட்டு நடைபாதையின் மறுகோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். ஸ்கானில் பித்தப்பை வற்றிச் சுருங்கிய நூல் போலத் தெரிந்தது. ஈரலிலிருந்து ஊசியால் துணுக்கு எடுத்தும் பார்த்தார்கள். முடிவான விடை சத்திரசிகிச்சை மேசையில்தான் கிடைக்கும், பித்தப்பைக்குள் சாயத்தைச் செலுத்தி எக்ஸ்றே எடுத்து, அது ஈரலுக்கும் குடலுக்கும் போகவில்லை என்று கண்டால் அங்கேயே சிகிச்சையைத் தொடர்வோம் என்றார்கள். சம்மதப் பத்திரம் சிங்களத்தில் இருந்தது. வவுனியாவைச் சேர்ந்த தாதி ஒருவர் தன் சாப்பாட்டு வேளையில் வந்து வரிவரியாகச் சொல்லித் தந்தார்.

சிகிச்சையின் பெயர் கசாய். அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "கொழும்பிலயும் கசாயந்தான் குடுக்கினமோ?" என்று கேட்டார், பல நாட்களுக்குப் பிறகு நாங்கள் இருவரும் சிரித்தது அப்போதுதான். மொரியோ கசாய் என்ற யப்பானியச் சத்திரசிகிச்சை நிபுணர் 1950களில் கண்ட முறை அது: தழும்பாகிப்போன குழாய்களை வெட்டி அகற்றிவிட்டு, ஈரலின் வாசலில் சிறுகுடலின் ஒரு துண்டை நேரடியாகத் தைத்துவிடுவார்கள், கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் வழியே பித்தம் கசிந்து குடலுக்குள் இறங்க வேண்டும். இறங்கும் என்று யாரும் வாக்குத் தரவில்லை. இறங்கினாலும் பிற்காலத்தில் ஈரல் மாற்று தேவைப்படலாம் என்பதை முன்னரே சொன்னார்கள். மறைக்காமல் சொன்னதற்காக அந்த நிபுணர்மீது எனக்கு மதிப்புக் கூடியது.

47ஆம் நாள் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு எங்கள் நாட்களை நப்பித் துணிகளே நகர்த்தின. முதலில் கழிந்தது பழைய வெள்ளைதான். ஆறாம் நாள் அதிகாலையில் வாட்டுக்கு வெளியே வாங்கில் படுத்திருந்த என்னை மனைவி எழுப்பி, ஒன்றும் சொல்லாமல் துணியை விரித்துக் காட்டினாள். கரும்பச்சை. நாற்றமும் இருந்தது, அதுவரை எங்கள் மகளின் மலம் நாறியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்த பின்னர் ஏ, டி, ஈ, கே விற்றமின்களும் பித்தத்தை இளக்கும் மருந்தும் அன்றாடமாகிவிட்டன. பித்தம் குறைந்தால் கொழுப்பும், கொழுப்பில் கரையும் இந்த விற்றமின்களும் உடலில் சேர மாட்டா. காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, குடலின் கிருமி பித்தவழியே ஈரலுக்கு ஏறியிருக்கலாம், உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்பது மட்டும் சிவப்பு மையால் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. முதல் ஆண்டில் மூன்று தடவை அப்படி இரவில் ஓடினோம்.

கர்ப்பமாக இருந்தபோது அன்னாசி தின்றதால், கிரகணத்தன்று வெளியே போனதால் என்று மனைவியின் காதுபடப் பேசியவர்கள் உண்டு. கர்ப்பகால ஸ்கானில் இது பெரும்பாலும் தெரியவராது, தாய் உண்டதாலோ செய்ததாலோ வருவதுமல்ல, அடுத்த பிள்ளைக்கு வருவது மிக அரிது என்று நிபுணர் அவளிடமே நேரே சொன்னார். நான் சொல்லி ஆறாத மனம் அதில் கொஞ்சம் ஆறியது. தாய்வானில் 2004 முதல் மல நிற அட்டை ஒன்றைப் பிள்ளையின் கையேட்டோடு எல்லாத் தாய்மாருக்கும் கொடுக்கிறார்கள் என்று பின்னர் வாசித்தேன். கிணற்றடியில் தற்செயலாக நான் கண்டதை அங்கே ஒவ்வொரு தாயும் அட்டையைப் பிடித்து ஒப்பிட்டுக் காண்கிறாள்.

மகளுக்கு இப்போது நான்கு வயது. கடைசிக் குருதிப் பரிசோதனையில் மொத்த பிலிரூபின் 0.9, மண்ணீரல் சற்றுப் பெருத்திருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த தவணை வரும் புரட்டாதியில். பை கதவோரம் தொங்குகிறது.