கழன்று விழுந்த கொலுசு

டெல்லியில் ஓர் அருங்காட்சியகத்தில் பழைய காகித ஓவியங்களைச் செப்பனிடும் வேலையில் பதினொரு ஆண்டுகள் இருந்தேன். என் மேஜைக்கு அதிகம் வந்தவை பஹாரி நுண்ணோவியங்கள். குலேர், காங்ரா, பசோலி என்று இமயமலை அடிவாரச் சிற்றரசுகளில் வரைந்தவை. காதலனுக்காகக் காத்திருக்கும் பெண்கள்தான் அவற்றில் எத்தனை பேர்!

நாட்டிய சாஸ்திரம் நாயகிகளை எட்டு வகையாகப் பிரிக்கிறது. 1591-இல் கேசவதாஸ் எழுதிய ரசிகப்பிரியா, பானுதத்தரின் ரசமஞ்சரி போன்ற நூல்களின் வழியே அவர்கள் ஓவியர்களிடம் வந்து சேர்ந்தார்கள். படுக்கையை விரித்துவிட்டு வாசலைப் பார்ப்பவள் வாசகசஜ்ஜா. சொன்ன இடத்துக்கு அவன் வராததால் நகைகளைக் கழற்றி எறிபவள் விப்ரலப்தா. இரவில் தானே கிளம்பிப் போகிறவள் அபிசாரிகா.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு மனக்குறை. எல்லாருக்கும் ஒரே முகம். பக்கவாட்டில் திரும்பிய முகம், நீண்ட கண், அவ்வளவுதான். ஏக்கம் எங்கே என்று தேடுவேன்.

ஒரு நாள் காங்ரா அபிசாரிகா ஒன்றைச் சுத்தம் செய்தேன். 1800-ஐ ஒட்டி வரைந்தது. இருண்ட காடு, மின்னல், காலருகே பாம்புகள். கீழ் ஓரத்தில் கடுகளவு பழுப்புப் புள்ளி. ஈ எச்சம் என்றே நினைத்தேன், பழைய தாள்களில் அது சகஜம். சுரண்டக் கத்தியையும் எடுத்துவிட்டேன். என்னவோ தோன்ற, நுண்நோக்கியை இழுத்துப் பார்த்தேன். தங்கம். சின்னஞ்சிறு வளையம். அவள் காலிலிருந்து கழன்று விழுந்த கொலுசு! அவள் திரும்பிப் பார்ப்பது அதைத்தான். பாம்புகளை அவள் கவனிக்கவே இல்லை. அன்று முழுக்க என் கை நடுக்கம் நிற்கவில்லை.

அப்புறம்தான் முகத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் பார்க்கப் பழகினேன். கசங்காத படுக்கை, மேகத்தினூடே பறக்கும் கொக்குகள், பதில் சொல்லத் தெரியாமல் நிற்கும் தோழி. அகப்பாடல்களில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். அதைப் பள்ளியிலேயே படித்திருந்தும், இந்த ஒரே முகம் ஏன் என்பது எனக்கு அந்த மேஜையில்தான் விளங்கியது. யாருடைய முகமாகவும் இல்லாததால் அது எல்லாருடைய முகமும் ஆகிறது.

பசோலி ஓவியங்களில் மரகதம் வேண்டிய இடத்தில் வண்டின் இறக்கை ஓடுகளை நறுக்கி ஒட்டியிருப்பார்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பச்சை மினுங்கும். கையில் வைத்து அசைத்துப் பார்க்கவே வரைந்தவை இவை. காட்சிக்கூடத்தில் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வண்ணம் வெளுத்துவிடும். சுவரில் அசையாமல் தொங்கும்போது அந்த மினுக்கம் பார்ப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

அபிசாரிகாவைப் பெட்டியில் வைத்து மூடுவதற்கு முன், அதன் நிலை அறிக்கையில் அந்தப் புள்ளிக்கு ஓர் அம்புக்குறி போட்டு எழுதினேன்: "கறை அல்ல, கொலுசு. தொட வேண்டாம்."