மண்மணியின் குரல் எங்கே இருக்கிறது?

ஜப்பானின் ஷிகோகு தீவில், கூகாய் துறவியின் (774–835) நினைவாக 88 கோயில்களைச் சுற்றி வரும் பாதை ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். வெள்ளை உடை, கோரைத் தொப்பி, கைத்தடி என்று நடக்கும் யாத்ரீகர் வைத்திருப்பது உலோக மணி. அந்த யாத்ரீகரின் உருவத்தையே களிமண்ணில் செய்து, உள்ளே பரல் இட்டுச் சுட்டால் அது 'டோரேய்' என்னும் மண்மணி. இதற்கு நாக்கு இல்லை. சதங்கையைப் போல மூடிய கூட்டுக்குள் பரல் உருண்டு ஒலிக்கும்.

பார்ப்பவர் கண் வண்ணத்தில்தான் நிற்கும். ஆனால் மணியின் தரம் பரலிலும் வாய்ப்பிளவிலும் இருக்கிறது.

6 சென்டிமீட்டர் மணி என்றால், இரண்டு பாதி அச்சிலும் மண்ணை 4–5 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரே சீராக அழுத்த வேண்டும். கனம் கூடினால் ஒலி மந்தமாகும். பரல் சுமார் 1 சென்டிமீட்டர் உருண்டை; அது முன்பே நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அதைக் காகிதத்தில் சுற்றித்தான் உள்ளே வைப்பார்கள். சுற்றாமல் வைத்தால் ஈரச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்; பிறகு எவ்வளவு குலுக்கினாலும் ஊமைதான். சூளையில் காகிதம் எரிந்து போகும், பரல் விடுபடும்.

இரு பாதிகளின் விளிம்பையும் கீறி, குழைமண் தடவி ஒட்ட வேண்டும். மண் சற்று இறுகியதும் அடியில் பிளவை வெட்டலாம். பிளவின் இரு முனைகளிலும் சிறு வட்டத் துளை போடுவது அழகுக்காக மட்டும் அல்ல. கூர்மையாக முடியும் வெட்டு, காயும்போது அங்கிருந்தே விரிசல் விடும். பிளவு பரலைவிடக் குறுகலாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

நிழலில் மெதுவாகக் காயவைத்து, 800 டிகிரி செல்சியஸ் அளவில் சுடலாம். சூடு போதாவிட்டால் தட்டும்போது மரக்கட்டை போல் சத்தம் வரும். அதை வண்ணத்தால் சரிசெய்ய முடியாது.

வண்ணத்துக்கு அடிப்பூச்சு கோஃபுன், அதாவது சிப்பி ஓட்டுப் பொடி. அதை நிகாவா என்ற விலங்குப் பசையில் குழைப்பார்கள். பசையை இரவு முழுக்க ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரைக்க வேண்டும். கொதித்தால் ஒட்டும் வலு குறையும். பசை மிகுந்தால் பூச்சு வெடித்து உரியும், குறைந்தால் விரலில் வெள்ளையாக ஒட்டும். இந்தப் பசை நீரில் இளகும் என்பதால் மணியை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. உலர்ந்த மென்தூரிகை போதும்.