கூண்டுக்குள் போகத் தெரிந்த நாய்க்கு அடுத்த பாடங்கள்

நாய் தானாகக் கூண்டுக்குள் போகிறது, உள்ளேயே சாப்பிடுகிறது, கதவைச் சாத்தினாலும் பத்து நிமிடம் பேசாமல் படுத்திருக்கிறது. அதுவரை வந்துவிட்டவர்களுக்கான குறிப்பு இது. பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்: பத்து நிமிடம் இருபதாகும், மறுநாளே ஒரு மணி நேரமாகும், பிறகு நாய் கம்பியைக் கடிக்கும். நேரம், நாம் நிற்கும் தூரம், சுற்றியுள்ள சத்தம் ஆகிய மூன்றும் தனித்தனிப் பாடங்கள். ஒன்றைக் கூட்டும்போது மற்ற இரண்டையும் குறைத்துவிடுங்கள். ஐந்து தடவையில் நான்கு தடவை அமைதியாக இருந்தால் தேர்ச்சி. இல்லையென்றால் ஒரு படி இறங்கி மறுபடி செய்யுங்கள்.

முதலில் கதவு. தாழ்ப்பாளில் கை வைத்ததும் நாய் எழுந்தால் கையை எடுத்துவிடுங்கள். படுத்தே இருந்தால் நான்கு விரல் அகலம் திறங்கள். மூக்கை நீட்டினால் இடிக்காமல் மெல்லச் சாத்துங்கள். முழுக்கத் திறந்தும் அசையாமல் இருந்தால் தீனி, அதுவும் கூண்டின் பின்பக்கம் விழும்படி. வெளியே வந்த பிறகு தீனி கொடுத்தால், வெளியே வருவதுதான் லாபம் என்று நாய் கணக்குப் போட்டுவிடும். “வா” என்ற பிறகுதான் வெளியே வரவேண்டும். நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு மூன்று நான்கு நிமிடம் போதும். தீனி வேகவைத்த கோழி, நிலக்கடலைப் பருப்பு அளவில். நெத்திலிக் கருவாட்டு வாசத்துக்கு எந்த நாயும் சொக்கும்தான், ஆனால் உப்பு அதிகம், வேண்டாம்.

நேரத்தை ஏணிப்படிபோல ஏற்றாதீர்கள். 10 நிமிடம், 15, 5, 20, 8, 25, 3 என்று கலைத்துப் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனால் நாய் முன்கூட்டியே பதறும். தனிமை தாங்காத நாய்கள் பெரும்பாலும் ஆள் கிளம்பிய முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே பதறத் தொடங்கிவிடும். அதனால் 30 நிமிடம் வரை பொறுமையாகப் போங்கள், அதற்குமேல் கால் மணி நேரமாகக் கூட்டலாம். வளர்ந்த நாய்க்குப் பகலில் ஒரே மூச்சில் 4 மணி நேரம்தான் எல்லை. குட்டிக்கு வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டுங்கள், அத்தனை மணி நேரமே அதிகபட்சம். மூன்று மாதக் குட்டியும் 4 மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறதே என்று மகிழவேண்டாம். அது மூத்திரத்தை அடக்கும் கணக்குதானே தவிர, தனிமையைத் தாங்கும் கணக்கு இல்லை.

சாவிச் சத்தம், ஹெல்மெட், பைக் ஸ்டார்ட் ஆகும் ஓசை, இவையெல்லாம் நாம் கிளம்புகிறோம் என்பதற்கான அடையாளங்கள். சாவியை எடுத்துவிட்டு உட்கார்ந்து காபி குடியுங்கள். பைக்கை ஸ்டார்ட் செய்து அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள். பழைய போனில் நாயை வீடியோ பதிவாகும்படி வைத்துவிட்டு வெளியே நின்றால்தான் உண்மை தெரியும்.

வீட்டு ஆட்களுக்கும் பாடம் உண்டு. “பாவம்லா, கத்துதுல்லா” என்று ஆச்சி பத்தில் ஒரு தடவை திறந்துவிட்டாலே போதும், எவ்வளவு நேரம் கத்தினால் கதவு திறக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளும். சும்மா சிணுங்கினால் ஐந்து விநாடி அமைதிக்காகக் காத்திருந்து திறங்கள். ஆனால் வெயில் இல்லாமலே மூச்சு இளைப்பது, எச்சில் வழிவது, நகம் உடையப் பிறாண்டுவது எல்லாம் அடம் இல்லை, பீதி. அப்போது உடனே திறந்துவிட வேண்டும், பயிற்சியையும் நிறுத்த வேண்டும். திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ பக்கத்து மருத்துவரிடமோ காட்டுங்கள். கூண்டை மாற்றுவதால் தீரும் சிக்கல் இல்லை அது.

கன்னி, சிப்பிப்பாறை இன நாய் வளர்ப்பவர்கள் அளவைக் கவனியுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் அடிவரை அளந்து 4 அங்குலம் கூட்டினால் கூண்டின் நீளம். கால் நீண்ட இனங்கள் என்பதால் 36 அங்குலக் கூண்டில் மடங்கித்தான் கிடக்கும், 42 அல்லது 48 பாருங்கள். மெலிந்த உடம்பு, முட்டி எலும்பு தரையில் உரசும், அதனால் கெட்டியான விரிப்பு போடுங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே விடுங்கள், கம்பியில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து.

சித்திரை, வைகாசியில் தகர ஷீட்டுக்கு அடியிலும் மொட்டை மாடியிலும் கூண்டே கூடாது. நாய் மூச்சு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும், அதற்குக் காற்றோட்டம் வேண்டும். நாலு பக்கமும் துணி போர்த்தாமல் ஒரு பக்கமாவது திறந்து வையுங்கள். கரண்ட் போய் ஃபேன் நின்றுவிட்டால் யார் வந்து திறப்பது என்று முடிவு செய்யாமல் வீட்டைப் பூட்டாதீர்கள்.

கடைசிப் பாடம் கோவில் கொடை, அதாவது ஊர்க் கோவில் திருவிழா. மேளச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து, மூன்று வாரம் முன்பிருந்தே மிகக் குறைந்த ஒலியில், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஓடவிடுங்கள். காது விறைத்தால் ஒலி அதிகம் என்று அர்த்தம். வேட்டுக்கு இந்தப் பயிற்சி பாதிதான் உதவும். வேட்டுப் போடும் இரவில் கூண்டை வீட்டின் உள்ளறைக்கு நகர்த்தி, அறைக் கதவைச் சாத்தி, கூண்டுக் கதவை மட்டும் திறந்தே வையுங்கள். நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டால் இழுக்காமல் விட்டுவிடுங்கள்.